நியமனக் கடிதத்தில் ஒரு மாகாணம், ஓய்வுக் கடிதத்தில் இன்னொன்று

ஆசிரியருக்கு,

மாகாண எல்லைகளை மாற்றுவதில் இந்தியாவின் வழியை நாமும் பின்பற்றலாம் என்று போன வாரம் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். இந்திய அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரையைக் கட்டுரையாளர் இன்னொரு முறை படித்தால் நல்லது.

அங்கே ஒரு மாநிலத்தைப் பிரிக்கப் பாராளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையே போதும். ஜனாதிபதி சட்டமூலத்தை மாநிலச் சட்டசபைக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார், அவ்வளவுதான். அந்த அபிப்பிராயம் பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 2011 நவம்பரில், மாயாவதி முதலமைச்சராக இருந்தபோது, உத்தரப் பிரதேசச் சட்டசபை தன் மாநிலத்தை நான்காகப் பிரிக்கச் சொல்லித் தானே தீர்மானம் போட்டது. டில்லி அசையவில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டசபை பிரிவினைச் சட்டமூலத்தை வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. ஜூன் 2ஆம் திகதி தெலங்கானா வந்துவிட்டது. (தெலங்கானாக்காரர் கேட்டது நியாயம் என்பதுதான் என் எண்ணமும். ஆந்திரச் சட்டசபையின் சம்மதத்துக்குக் காத்திருந்தால் அது நடந்திராது.)

சரி, எங்கள் கதை. கிளிநொச்சிப் பக்கம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாண மாவட்டம். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானது, ஆனால் வோட்டு இன்றும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில்தான். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும். நியமனக் கடிதத்தின் தலைப்பில் வடக்கு கிழக்கு மாகாணம், ஓய்வுக் கடிதத்தில் வடக்கு மாகாணம். இரண்டும் ஒரே பைலில் இருக்கின்றன. 2009 இடப்பெயர்வில் அரிசிச் சாக்கை விட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடிய பைல் அது.

1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன பிரகடனம் செய்து வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இரண்டையும் இணைத்தார். இணைப்புத் தொடரவேண்டுமா என்று அந்த ஆண்டு முடிவதற்குள் கிழக்கில் சர்வசன வாக்கெடுப்பு நடக்கும் என்று முந்தின ஆண்டே இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் எழுதியாயிற்று. அதை ஒத்திப்போடும் அதிகாரத்தையும் அதே ஒப்பந்தம் ஜனாதிபதிக்குக் கொடுத்தது. பிறகென்ன, ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டே காலம் போனது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது, 2007 ஜனவரி 1ஆம் திகதி பிரிந்தோம். இரண்டு தடவையும் எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

புதிய அரசியலமைப்பு என்று பேசுகிறவர்கள், எந்தப் பகுதியின் எல்லை மாறுகிறதோ அந்தப் பகுதி மக்களின் வாக்கே முடிவு என்று அதில் எழுதட்டும். வாக்கெடுப்புத் திகதியை யாரும் ஒத்திப்போட முடியாது என்ற வரியையும் மறக்காமல் சேர்க்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பரந்தன்