கண்மாய் வேலை பார்க்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

ஜெர்மனியில் படிக்க டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு தரும் உதவித்தொகைக்காக நீ எழுதி அனுப்பிய விண்ணப்பக் கடிதத்தைப் படித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இது உன் கடிதமாக இல்லை. "சிறு வயது முதலே நீர்வளத்தில் ஆர்வம்", "உலகத்தரம் வாய்ந்த கல்வி" என்றெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

போன மாதம் போனில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? கண்மாயைத் தூர்வாரிய பிறகும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. ஏன் என்று பார்க்க வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் நெடுக நடந்திருக்கிறாய். சாலை போட்டவர்கள் குழாயைக் கால்வாய்த் தரையைவிட உயரத்தில் பதித்துவிட்டார்கள், அதனால் மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் அங்கேயே தேங்கி வயற்காட்டில் பரவிவிடுகிறது என்று கண்டுபிடித்தாய். தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து லெவல் எடுத்து, படம் வரைந்து, பஞ்சாயத்தில் காட்டினாய். அதில் ஒரு வரிகூட இந்தக் கடிதத்தில் இல்லையே, ஏன்? அதைத்தான் முதல் பத்தியில் எழுத வேண்டும். அப்புறம், அந்த வேலையில் உனக்கு எது தெரியாமல் போனது என்று எழுது. எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் ஓடிவரும் என்று உன்னால் அன்று கணக்கிட முடியவில்லை என்றாய். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் நீர்வளப் பொறியியல் முதுநிலைப் படிப்பை ஏன் கேட்கிறாய் என்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் கிடையாது.

நீ விண்ணப்பிப்பது டாட் அமைப்பின் இபாஸ் (EPOS) உதவித்தொகைத் திட்டத்துக்கு. வளரும் நாடுகளில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களுக்கான திட்டம் அது. குறைந்தது 2 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பட்டம் வாங்கி 6 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள்தான். ஆனால் படித்துவிட்டு ஊருக்கு என்ன செய்வாய் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். "சின்ன காலேஜ், யார் மதிப்பார்கள்" என்று நீ தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த இடத்தில் உன் கண்மாய் அனுபவம் பெரிய காலேஜ் பெயரைவிடக் கனமானது.

அலுவலகத்தில் வாங்க வேண்டிய பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே. லெட்டர்ஹெட், கையெழுத்து, முத்திரை, சமீபத்திய தேதி எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் சாரிடம் வெறுங்கையோடு போய் நிற்காமல், எந்தெந்தக் கண்மாயில் என்ன செய்தாய் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு. இல்லாவிட்டால் "நல்ல ஊழியர், கடின உழைப்பாளி" என்று நாலு வரியில் முடித்துவிடுவார். விண்ணப்பத்தை நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசித் தேதியும் படிப்புக்குப் படிப்பு மாறும் என்பதால் அந்தந்தப் படிப்பின் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள். ஒன்றோடு நிறுத்தாதே, 3 படிப்புகள் வரை விண்ணப்பிக்கலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிடைத்தால் மாதம் ஏறத்தாழ 990 யூரோ, மருத்துவக் காப்பீடு, பயணத்துக்கு உதவி, படிப்பு தொடங்கும் முன் அங்கேயே ஜெர்மன் மொழி வகுப்பு. கடனாகப் போனால் கதை வேறு. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பெரும்பாலும் சொத்தை ஈடாகக் கேட்கும். ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணமும் வாங்குகிறார்கள். சித்தப்பா நிலப் பத்திரத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார் என்று சித்தி சொன்னார். அந்தப் பத்திரம் வங்கிக்குப் போகக் கூடாது என்பதற்காகவும்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த வருடம் கிடைக்காமலும் போகலாம். உனக்கு இன்னும் வயதிருக்கிறது, வேலையும் இருக்கிறது. அடுத்த வருடம் போடும்போது அனுபவம் ஒரு வருடம் கூடியிருக்கும்.

சரி, கடிதத்தை 2 பக்கத்துக்குள் புதிதாக எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. லெவல் எடுத்த அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பு, நான் பார்க்க வேண்டும். பத்திரம் விஷயமாகச் சித்தப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்