மேலத்தெரு ஏன் மேலே இல்லை?

தொடக்கப் பள்ளிக்குப் பாடம் எழுதுகிறவர்களுக்கும் ஆசிரியர் பயிற்சியைத் திட்டமிடுகிறவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மதியம் இருந்தேன். வடக்கு எங்கே என்று கேட்டதும் பாதிப் பேர் கூரையைக் காட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சுவரில் தொங்குகிற இந்தியப் படத்தில் வடக்கு அங்கேதானே இருக்கிறது. அப்புறம் ஒரு பையன் எழுந்து, "சார், எங்க வீடு மேலத்தெரு. நீங்க போட்ட படத்துல அது ஏன் மேல இல்லாம ஓரமா கிடக்கு?" என்றான்.

நியாயமான கேள்வி. மலை இருக்கிற பக்கம் மேடு, கடல் இருக்கிற பக்கம் தாழ்வு என்று பார்த்துப் பழகிய நமக்கு மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. அச்சுப் படத்திலோ மேலே இருப்பது வடக்கு. இந்த இரண்டு 'மேல்'களையும் யாரும் பிரித்துச் சொல்லாததால் பிள்ளை வடக்கை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு, வாசலில் நின்றால் திசை தெரியாமல் முழிக்கிறது.

அதனால் என் முதல் வேண்டுகோள், படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரியுங்கள். பள்ளிக்கூடத்தின் படமே போதும். கிணறு, கொடிக்கம்பம், சத்துணவுக் கூடம், வேப்பமரம். படத்திலுள்ள கிணறு நிஜக் கிணற்றைப் பார்க்கும்வரை தாளைத் திருப்பச் சொல்லுங்கள், நிற்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து, நடக்க நடக்க விரலையும் நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்வீடனில் ஓரியண்டீரிங் என்ற பெயரில் பள்ளியிலேயே கற்றுத் தருவது அடிப்படையில் இதுதான். நாங்கள் பழைய சேலைக் கிழிசலில் ஆறு கொடி கட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை ஒட்டிவிட்டோம், தேடிச் சேர்த்தால் ஒரு சொல் வரும். செலவு என்று பார்த்தால் பசை டப்பா ஒன்று.

இன்னொன்று. மத்தியானம் நிழல் விழும் பக்கம் வடக்கு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லித் தராதீர்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய வேலைக்கு 1802-இல் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அடிக்கோடு, அதாவது மற்ற அளவெல்லாம் கிளம்புகிற முதல் கோடு, போட்டது பரங்கிமலைப் பக்கம்தான் (அந்த ஊர்க்காரர்களே பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்). அப்படி அளந்த நாட்டில், ஏரியும் வாய்க்காலும் வண்டிப்பாதையும் போட்ட கிராம வரைபடம் வருவாய்த் துறையிடம் இருக்கிறது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இல்லை. ஊருக்கு ஒன்று பெரிதாக அச்சடித்துக் கொடுக்க இரண்டு துறையும் பேசிக்கொண்டால் போதாதா? கூடவே, மாதம் இரண்டு பீரியட் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகலாம் என்று ஒரு சுற்றறிக்கையும் வேண்டும், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில்தான் பல ஆசிரியர்கள் வகுப்பைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அன்று கடைசியாகத் திரும்பி வந்த ஒரு சிறுமிக்குக் கொடி கிடைக்கவில்லை. "சார், உங்க படத்துல வேப்பமரம் ஒண்ணுதான் இருக்கு, அங்க ரெண்டு நிக்குது" என்று தாளை நீட்டினாள். இரண்டாவது மரத்தை அவளே பென்சிலால் வரைந்திருந்தாள்.