ஸ்பெஷலிஸ்ட் டிரெய்னிங் சொந்த நாட்டுலயே நடக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வளரும் நாட்டு டாக்டர்களை வெளிநாட்டுக்கு அனுப்பி ஸ்பெஷலிஸ்ட் ஆக்கற ஒப்பந்தங்களைப் பத்தி வந்த செய்தி படிச்சேன், நோக்கம் நல்லதுதான், ஆனா ஆளை அனுப்பறதை விட சொல்லிக் குடுக்கறவங்களை அங்க வரவைக்கறதுதான் சரின்னு எனக்குப் படுது. 2003ல எத்தியோப்பியாவுல அப்படித்தான் பண்ணாங்க, அடிஸ் அபாபா யுனிவர்சிட்டியிலயே மனநல மருத்துவ மேற்படிப்பு ஆரம்பிச்சு, டொரண்டோ யுனிவர்சிட்டி டாக்டர்கள் ஒரு மாசம் போல முறை வச்சு வந்து அந்த ஊர் நோயாளிகளை வச்சே பாடம் எடுத்தாங்க, படிச்சவங்க பெரும்பாலும் நாட்டை விட்டுப் போகல.

நான் ஆஸ்பத்திரில ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். வெளிநாட்டுல லேப்ராஸ்கோப்பி, அதாவது வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷன், கத்துக்கிட்டு வந்த சர்ஜன் ஒருத்தர், அந்த கேமராவுக்கு வெளிச்சம் குடுக்கற லைட் சோர்ஸ் பல்பு போயி ஸ்பேர் கிடைக்காம, பழையபடி வயித்தைத் திறந்துதான் ஆபரேஷன் பண்ணிட்டிருந்தார். கடைசில வெளிநாட்டுக்கே கிளம்பிட்டார், அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

அதனால ஒப்பந்தம் போடறப்பவே மெஷின் ரிப்பேருக்கு யார் பணம் குடுப்பாங்க, எந்த வருஷத்துல இருந்து உள்ளூர் டாக்டர்களே மத்தவங்களுக்கு டிரெய்னிங் குடுப்பாங்கன்னு ரெண்டையும் எழுதி வாங்கிடணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்