பயாஸ் அப்டேட் செய்தபின் கணினி எழவில்லையா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய டெஸ்க்டாப்பில் பயாஸ் (மதர்போர்டின் ஒரு சிப்பில் இருந்து கணினியை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் செய்தபின் "டிஸ்ப்ளே வரவில்லை", "விண்டோஸ் ஏறவில்லை" என்று எங்களிடம் வரும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகியிருப்பதில்லை. செட்டிங் பழைய நிலையிலிருந்து மாறியிருக்கும், அவ்வளவுதான். பதற்றத்தில் அடுத்துச் செய்யும் காரியம்தான் கெடுத்துவிடுகிறது. பாதியில் பவரைப் பிடுங்குவது, வேறொரு மாடலின் ஃபைலை ஏற்றிப் பார்ப்பது, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அப்டேட் செய்யப்போகிறவர்களும், செய்துவிட்டுக் கவலையோடு இருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு மேலே கைவைக்க வேண்டுகிறோம்.

முதலில், அப்டேட் தேவைதானா? வேகம் கூடும் என்பதற்காகச் செய்யாதீர்கள், வேகம் கூடப்போவதில்லை. 2018இல் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்புக் குறைகளுக்கான மைக்ரோகோடை (பிராசசருக்குள் ஏறும் திருத்தத்தை) விண்டோஸும் லினக்ஸுமே பூட் ஆகும்போது ஏற்றிக்கொள்ள முடியும். அதற்காக மட்டும் பழைய போர்டின் பயாஸ் சிப்பைத் தொடவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. நியாயமான காரணங்கள் வேறு: போர்டுக்குத் தெரியாத புதிய பிராசசர் மாட்டப்போகிறீர்கள், என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்ய வேண்டும், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2011இல் வழங்கிய செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடிகிறது. புதியவை விண்டோஸ் அப்டேட் வழியாகவே வரும் என்றாலும், சில கணினிகளில் தயாரிப்பாளரின் பயாஸ் அப்டேட் முதலில் தேவைப்படும். காலம் முடிந்த அன்றே கணினி நின்றுவிடாது, அவசரப்பட வேண்டாம்.

தவறு அதிகம் நடப்பது ஃபைலைத் தேர்ந்தெடுப்பதில். விண்டோஸில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" திறந்தால் பேஸ்போர்டு ப்ராடக்ட், பயாஸ் வெர்ஷன், பயாஸ் மோட் மூன்றும் தெரியும். மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அது மட்டும் போதாது. ஒரே பெயரில் ரெவிஷன் 1.0, 2.0, 2.1 என்று தனித்தனி போர்டுகள் உண்டு. கிகாபைட் போர்டுகளில் ரெவிஷன் எண் போர்டின் ஒரு மூலையில் அச்சிட்டிருக்கும். கேபினெட்டைத் திறந்து கண்ணால் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். டெல், ஹெச்பி, லெனோவோ கணினிகளுக்கு அந்தந்த நிறுவனம் தரும் ஃபைல் மட்டுமே. டெல்லில் சர்வீஸ் டேக்கை (கணினியில் ஒட்டியிருக்கும் அடையாள எண்ணை) வைத்துத் தேடுங்கள். வெர்ஷன் பட்டியலின் பக்கத்தில் இருக்கும் குறிப்புகளையும் படியுங்கள். "முதலில் இந்த வெர்ஷனை ஏற்றிவிட்டு அடுத்ததற்குச் செல்லவும்" என்று இருந்தால் நேரே கடைசிக்குத் தாவக்கூடாது. ஏஎம்டி பிராசசர்களுக்கான சில ஏஎம்4 போர்டுகளில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பி மட்டுமே என்பதால், புதிய பிராசசர்களுக்கு இடம் செய்யப் பழைய பிராசசர்களின் ஆதரவை எடுத்துவிட்டார்கள். பழைய பிராசசரை மாட்டியபடி அந்த வெர்ஷனை ஏற்றினால், அப்டேட் சரியாக முடிந்தும் கணினி எழாது.

ஏற்றுவதற்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். முக்கியமாக சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை: ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு), சிஎஸ்எம் (பழைய பூட் முறையை அனுமதிக்கும் வசதி), செக்யூர் பூட், பூட் வரிசை. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் நிறுத்திவைத்து, 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓவர்கிளாக்கோ (பிராசசரைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது) எக்ஸ்எம்பியோ (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது) வைத்திருந்தால் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். ரேம் சந்தேகமாக இருந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராம் ஒரு முழுச் சுற்று ஓடட்டும். ஃபைல் முதலில் ரேமுக்கு வந்து, அங்கிருந்துதான் சிப்புக்குப் போகிறது. கெட்ட ரேம் கெட்ட ஃபைலை எழுதவைக்கும். போர்டில் உப்பிய கெப்பாசிட்டர் தெரிந்தாலோ, கணினி அவ்வப்போது தானே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தாலோ அப்டேட் வேண்டாம். முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். போர்டில் இருக்கும் நாணய வடிவ சிஆர்2032 செல்லை மல்டிமீட்டரில் அளந்து 2.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். புது செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும்.

பென் டிரைவ் 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவாக, ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்கட்டும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட்டைப் பல பழைய பயாஸ்கள் படிப்பதில்லை. ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபைலை மட்டும் போடுங்கள். பின்பக்கத்து கறுப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். பயாஸுக்குள் இருக்கும் வசதியிலிருந்து ஏற்றுவதே எங்கள் பரிந்துரை: அசூஸில் ஈஸி ஃபிளாஷ், கிகாபைட்டில் க்யூ ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம் ஃபிளாஷ், அஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். விண்டோஸுக்குள் இருந்து ஏற்றும்போது ஆன்டிவைரஸோ, இடையில் வரும் ரீஸ்டார்ட்டோ, தொங்கிப்போகும் வேறொரு புரோகிராமோ குறுக்கே வரலாம். யூபிஎஸ் கட்டாயம்.

"ஃபைல் செல்லாது" என்று செய்தி வந்தால் அது நல்ல செய்தி. சிப்பில் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. மாடலையும் ரெவிஷனையும் மறுபடி பாருங்கள், ஃபைலைப் புதிதாக இறக்குங்கள். கட்டாயப்படுத்தி எழுதவைக்கும் வழிகளைத் தேடாதீர்கள்.

எழுதத் தொடங்கியபின் சதவீதம் ஒரே இடத்தில் நின்றாலும் அரைமணி நேரமாவது விட்டுவைக்கவும். முடிந்தபின் முதல் பூட்டில் திரை கறுப்பாகவே இருந்து, கணினி இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழலாம். ரேமின் நேரக்கணக்கைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. சில நிமிடங்கள் பிடிக்கும்.

அதற்குப் பிறகும் சரியாக வராவிட்டால், எங்கு நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். விண்டோஸ் லோகோ வந்து நீலத்திரையில் "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்றால், சாட்டா மோட் மாறியிருக்கிறது. முன்பு ஐடிஇயில் இருந்ததை அப்டேட் ஏஹெச்சிஐக்கு மாற்றியிருக்கும், அல்லது ரெய்டிலிருந்து மாறியிருக்கும். படத்தில் இருந்தபடி திரும்ப வைத்தாலே போதும், விண்டோஸை அழிக்க வேண்டாம். "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் பயாஸ் மோட் குறிப்பைப் பாருங்கள்: லெகசி (பழைய பூட் முறை) என்று இருந்திருந்தால் சிஎஸ்எம்மை இயக்க வேண்டும், யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்றால் பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" முதலில் இருக்க வேண்டும்.

ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டு விளக்கும் எரிகிறது, திரை மட்டும் வரவில்லை என்றால் பலர் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். பழைய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளில் இதற்கு வேறொரு காரணம் உண்டு. அப்டேட் சிஎஸ்எம்மை அணைத்துவிட்டால், யூஇஎஃப்ஐக்கான மென்பொருள் தன் சிப்பில் இல்லாத பழைய கார்டு பயாஸ் திரையையே காட்டாது. கார்டைக் கழற்றி, போர்டில் இருக்கும் விஜிஏ அல்லது ஹெச்டிஎம்ஐயில் மானிட்டரை மாட்டுங்கள். பயாஸ் தெரிந்தால் சிஎஸ்எம்மை இயக்கிவிட்டுக் கார்டைத் திரும்பப் போடலாம்.

அதுவும் உதவாவிட்டால் சிமாஸை (பயாஸ் செட்டிங்குகள் சேமிக்கப்படும் இடத்தை) கிளியர் செய்யுங்கள். பவர் வயரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, செல்லை எடுத்து ஐந்து நிமிடம் விடுங்கள். இதற்கென போர்டில் கிளியர் ஜம்பர் (சிறு முள் இணைப்பு) இருந்தால் பத்து விநாடி இணைத்துவிட்டு எடுங்கள். ஒரே ஒரு ரேமோடு முயன்று பாருங்கள்.

சிப்பில் எழுதுவதே பாதியில் நின்றிருந்தாலும் பல போர்டுகளில் வழி இருக்கிறது. கிகாபைட் டூயல் பயாஸ் போர்டுகளில் பயாஸின் மாற்று நகலோடு இரண்டாவது சிப் இருக்கும். பழைய அசூஸ் போர்டுகளில் க்ராஷ்ஃப்ரீ என்ற மீட்பு வசதி, பென் டிரைவிலிருந்து பயாஸைத் தேடி எடுக்கும். ஹெச்பியில் விண்டோஸ் கீயோடு பி, பிந்தைய டெல் டெஸ்க்டாப்களில் கன்ட்ரோலோடு எஸ்கேப் அழுத்திப் பிடித்தால் மீட்புத் திரை வரும். பின்பக்கம் ஃபிளாஷ்பேக் பட்டன் (பென் டிரைவிலிருந்து பயாஸை நேரே எழுதும் பட்டன்) உள்ள போர்டில், குறிப்பேடு சொல்லும் பெயரை ஃபைலுக்கு வைத்து, குறித்த யூஎஸ்பி போர்ட்டில் செருகி அழுத்துங்கள்.

இவை எதற்கும் அசையாத போர்டுக்குத்தான் புரோகிராமர் (சிப்பில் நேரடியாக எழுதும் கருவி) தேவை. எட்டுக் கால் பயாஸ் சிப்பில் கிளிப் மாட்டி எழுதும் இந்த வேலையை வீட்டில் செய்வதாக இருந்தால் சிலவற்றை மறக்காதீர்கள். பெரும்பாலான பழைய சிப்புகள் 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட்; எண்ணைப் பார்க்காமல் மாட்டினால் சிப் எரியும். எழுதுவதற்கு முன் பழையதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பத்திரமாக வையுங்கள். கணினியின் சீரியல் எண், பல இன்டெல் போர்டுகளில் லேனின் மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்), நிறுவனம் போட்டுத்தந்த விண்டோஸ் கீ ஆகியவை அதில்தான் இருக்கின்றன. அசூஸ் தரும் "கேப்" வகை பயாஸ் ஃபைலை அப்படியே எழுதினாலும் போர்டு எழாது. முன்னால் இருக்கும் 2048 பைட் தலைப்பை நீக்கிவிட்டு எழுத வேண்டும்.

எங்களிடம் கொண்டுவருவதாக இருந்தால் கணினியோடு நீங்கள் பயன்படுத்திய பென் டிரைவையும், அதிலுள்ள ஃபைலை அழிக்காமல், எடுத்துவாருங்கள். பழைய வெர்ஷன் எண், கடைசியாகத் திரையில் வந்த செய்தி, கைபேசியில் எடுத்த படங்கள் இருந்தால் நல்லது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம்; உங்கள் அனுமதி இல்லாமல் அதில் எதையும் அழிக்கவோ ஃபார்மேட் செய்யவோ மாட்டோம்.

அன்புடன்,
சர்வீஸ் பிரிவினர்