இசையாசிரியர் பட்டப்படிப்புக்கு இடைநிலைப்பள்ளிப் படிவம் ஒன்றிலேயே ஆயத்தம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த மாணவர்களுக்கான உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டங்களில் மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் விரிவாகப் பேசப்படுகின்றன. இசைக் கல்வியில் பட்டம் பெற்றுப் பள்ளியில் இசையாசிரியராகலாம் என்று எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு. எப்படியோ கேள்விப்பட்டு ஆர்வத்தோடு விசாரிக்க வரும் மாணவர்களும் பெரும்பாலும் காலம் கடந்தே வருகிறார்கள். அப்பட்டத்தைப் பயின்று கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இசை கற்பித்து வருபவள் என்ற முறையில், இது குறித்துப் பெற்றோரிடமும் இசை வகுப்பு நடத்துவோரிடமும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

1983ஆம் ஆண்டு கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, இசையும் தொடக்கப்பள்ளிப் பாடங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும், இசையை முறையாகப் பயின்ற ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் அந்தப் பாடவேளை யாரிடமாவது ஒப்படைக்கப்படுகிறது. தேர்வு நெருங்கினால் கணிதத்திற்குப் போய்விடுகிறது. இதற்காக அந்த ஆசிரியர்களைக் குறை கூறுவது முறையாகாது. தமக்குப் பழக்கமில்லாத பாடத்தை அவர்கள் எப்படி நடத்துவார்கள்?

நம் சமூகத்தில் இசை கற்ற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. 1981இல் தொடங்கப்பட்டு, பிரிக்பீல்ட்ஸில் இயங்கிவரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலை நிலையங்களிலும், ஆலயங்களிலும், தனிப்பட்ட ஆசிரியர்களின் இல்லங்களிலும் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் கற்றுவரும் மாணவர்கள் ஏராளம். இவர்கள் சுருதி விலகாமல் பாடுவார்கள். தாளம் தவறாமல் எண்ணுவார்கள். இருந்தும் பட்டப்படிப்புக்கான நேர்முகத் தேர்விலும் திறன் தேர்விலும் தடுமாறுகிறார்கள். அங்கே பொதுவாக எதிர்பார்க்கப்படுவது ஐந்து கோட்டு இசைக்குறியீட்டைப் பார்த்தவுடன் வாசிக்கும் பழக்கமும், மேற்கத்திய இசைக் கோட்பாட்டில் அடிப்படை அறிவும் ஆகும். கர்நாடக முறையில் வயலின் கற்ற மாணவரையே எடுத்துக்கொள்வோம். கருவி ஒன்றுதான். ஆனால் அவர் தரையில் அமர்ந்து, பாடகரின் சுருதிக்கேற்பத் தந்திகளை ச, ப, ச, ப என்று கூட்டியே பழகியவர். மேற்கத்திய முறையிலோ ஜி, டி, ஏ, இ என்று நிலையாகச் சுருதி கூட்டி, கருவியைத் தோளில் வைத்து, எதிரிலுள்ள தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். பல ஆண்டுகள் பயின்ற பிள்ளைக்கும் அந்த இடத்தில் கை ஓடாது.

இவ்விரு முறைகளுக்கும் இடையே கடக்க முடியாத தூரம் இருப்பதாக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. சங்கராபரண ராகத்தின் ஏழு சுரங்களும் மேற்கத்திய இசையின் அடிப்படைச் சுரவரிசையான மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களும் ஒன்றே. 1835இல் மறைந்த கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் அமைத்து, சங்கராபரணத்தில் நோட்டுஸ்வரங்கள் எனப்படும் சிறு பாடல்களை இயற்றினார். கமகம் (சுரங்களை அசைத்துப் பாடுதல்) இல்லாத அந்த எளிய மெட்டுகளை ஐந்து கோட்டில் எழுதிக் கொடுத்தால், பாடத் தெரிந்த பிள்ளை சில வாரங்களிலேயே குறியீட்டை இனம் காணத் தொடங்கிவிடும். என் வகுப்பில் நான்காம் ஆண்டு மாணவர்கள் ரெக்கார்டர் என்னும் ஊதுகுழலைக் கையிலெடுக்கும்போது, இடக்கைப் பெருவிரலால் பின்துளையை மூடி, முன்புறம் ஒரு விரல், இரு விரல், மூன்று விரல் என்று வைத்து மூன்று சுரங்களைப் பழகுகிறார்கள். மேற்கத்திய இசையின் சி சுரத்தைச் சட்ஜமாக (ச) கொண்டால் அவை நி, த, ப ஆகின்றன. கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை முன்பே பாடிய பிள்ளைகள், ஊதும் சுரம் பிசகினால் நான் சொல்வதற்கு முன்பே தாமாகத் திருத்திக்கொள்கிறார்கள்.

பட்டப்படிப்பைப் பொறுத்தவரை, தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வி இளங்கலைப் பட்டம் வழங்கப்படுகிறது. ஆசிரியர் கல்விக் கழகங்கள் வழியும் இசையை முதன்மைப் பாடமாகப் பயிலும் வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கே ஒவ்வோர் ஆண்டும் திறக்கப்படும் பாடங்கள் மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதன்மைக் கருவியோடு பியானோ, சேர்ந்திசை, இசை நடத்துதல், கற்பித்தல் முறை, உளவியல், பள்ளியில் பயிற்சிக் கற்பித்தல் என்று படிப்பு விரிகிறது. எனக்கு மிகக் கடினமாக இருந்தது செவிப்பயிற்சிதான். நான்கு குரல்கள் ஒருசேர ஒலிக்கையில் ஒவ்வொன்றையும் பிரித்தறிந்து எழுத வேண்டும். ஒற்றைக் குரலிசையில் வளர்ந்த காதுக்கு இது புதிது. பதினெட்டு வயதில் தொடங்குவதைக் காட்டிலும் பதின்மூன்று வயதில் தொடங்குவது பலமடங்கு எளிது. மாறாக, தாளப் பயிற்சியில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. அதற்கு நான் என் பாட்டு ஆசிரியைக்கே நன்றி சொல்ல வேண்டும்.

ஆகவே, பிள்ளை இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றில் சேரும்போதே, கற்றுவரும் கர்நாடக இசையை நிறுத்தாமல், வாரம் ஒரு மணி நேரம் ஐந்து கோட்டு இசைக்குறியீடும் சிறிது பியானோவும் கற்கப் பெற்றோர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் சுமையாக உள்ள குடும்பங்களுக்காக, தேவார வகுப்பும் பண்ணிசை வகுப்பும் நடத்தும் ஆலயங்கள் அதே மண்டபத்தில் இந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வெண்பலகையும் ஓர் எளிய கீபோர்டும் இருந்தால் தொடங்கிவிடலாம். செந்தூல் வட்டாரத்தில் எந்த ஆலயமேனும் முன்வந்தால், சனிக்கிழமைகளில் ஊதியமின்றிக் கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்ப்பள்ளி இசையாசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்.