எந்த அச்சுக்குத் தெற்கு?

ஆசிரியருக்கு,

சூரியப் புயல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. கூடவே போட்டிருந்த படத்தில்தான் எனக்கு ஒரு குறை. பூமியின் காந்த அச்சைச் செங்குத்தாக நிமிர்த்தி வரைந்திருந்தீர்கள். 'சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் புயல் வலுக்கும்' என்ற வரி சரிதான் (சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டமே சூரியக் காற்று). ஆனால் எந்த அச்சை வைத்துத் தெற்கு?

பூமியை மையமாகக் கொண்ட ஆயத்தொலை முறைகள், அதாவது எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று அச்சுகளை வைத்துத் திசை குறிக்கும் முறைகள், பல உண்டு. இங்கே இரண்டு போதும். இரண்டிலும் எக்ஸ் அச்சு பூமியிலிருந்து சூரியனை நோக்கிப் போகும். ஜி.எஸ்.இ. (GSE) என்ற முறையில் இசட் அச்சு, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் செங்குத்து. ஜி.எஸ்.எம். (GSM) என்ற முறையில், பூமியின் காந்த அச்சு எக்ஸ்-இசட் தளத்துக்குள் வரும்வரை மற்ற இரண்டு அச்சுகளையும் திருப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டிலும் இசட் அச்சுக்கு எதிர்த்திசையே தெற்கு. பூமியின் சுழல் அச்சு 23.4 டிகிரி சாய்ந்தது. காந்த அச்சு அதிலிருந்தும் ஏறத்தாழ 10 டிகிரி விலகியது. (பூமத்திய ரேகைக்கு 900 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிற எங்கள் திருநெல்வேலி, காந்த நடுக்கோட்டை (காந்த ஊசி கிடையாக நிற்கும் கோட்டை) ஒட்டி வருவது இந்த விலகலால்தான். 1963இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டதும் அந்தக் கோட்டுக்காகத்தான்.) பூமி சுழலச் சுழல ஜி.எஸ்.எம். அச்சுகளின் திருப்பமும் மாறிக்கொண்டே இருக்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் 30 டிகிரியைத் தாண்டும்.

இப்போது 10 நானோ டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) புலம் ஒன்று சூரியக் காற்றோடு வருகிறது, முழுக்க ஜி.எஸ்.இ. முறையின் ஒய் அச்சுத் திசையிலேயே படுத்திருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கணக்கில் தெற்குக் கூறு சுழி. பயமில்லை என்று தோன்றும். 30 டிகிரி திரும்பிய ஜி.எஸ்.எம். அச்சில் பார்த்தால் அதே புலத்துக்கு 5 நானோ டெஸ்லா தெற்குக் கூறு வந்துவிடலாம். புலம் எதிர்ப்பக்கம் பார்த்திருந்தால் வடக்குக் கூறு, அது வேறு கதை. பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றைச் சந்திக்கும் பகல் பக்க எல்லையில் அந்தப் புலம் வடக்கு நோக்கியது. அதற்கு எதிர்த்திசைப் புலம் வந்து இணையும்போதுதான் சூரியக் காற்றின் ஆற்றல் தாராளமாக உள்ளே நுழைகிறது. ஆகவே இங்கே கணக்கில் வருவது ஜி.எஸ்.எம். தெற்குதான். மார்ச், செப்டம்பரை ஒட்டிக் காந்தப் புயல்கள் கூடுவதற்கு இந்தச் சாய்வையே காரணமாகக் காட்டி 1973இல் ரசல், மெக்ஃபெரன் என்ற இரண்டு விண்வெளி இயற்பியலாளர்கள் எழுதினார்கள். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை இருளில் தள்ளியது போன்ற பெரும் புயல்களுக்குச் சூரியன் வீசியெறியும் பிளாஸ்மாவே (மின்னேற்ற வாயுவே) முதல் காரணம். எல்லாவற்றையும் சாய்வின் தலையில் கட்ட முடியாது.

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இணையத்தில் தரும் நேரடி வரைபடங்களில் பி.இசட். (காந்தப்புலத்தின் இசட் அச்சுக் கூறு) பக்கத்திலேயே ஜி.எஸ்.எம். என்று போட்டிருப்பார்கள். அடுத்த முறை அதைத் தமிழில் தரும்போது அந்த மூன்றெழுத்தை விட்டுவிட வேண்டாம். அப்புறம், காந்த அச்சைச் சாய்த்தே வரையும்படி உங்கள் ஓவியரிடம் சொல்லுங்கள்.

இயற்பியல் ஆசிரியை ஒருவர்,
திருநெல்வேலி