புயல் காலத் திட்டத்தில் ஊர்க் கூட்டுழைப்புக்கு இடம் கோரும் மனு

அனுப்புநர்
கடைமடைப் பகுதி தென்னை விவசாயிகள் மற்றும் விவசாயத் தொழிலாளர்கள்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஊராட்சிகளுக்கு மீட்புக் கருவிகள் வழங்குதல், பொதுச் சமையலுக்கு அரிசி ஒதுக்குதல், தோப்புக் கூலித் தொழிலாளர்களைச் சேதக் கணக்கெடுப்பில் சேர்த்தல் – கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், எங்கள் தென்னந்தோப்புகளைத் தரையோடு சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரங்களின் கணக்கு அரசுக் கோப்புகளில் இருக்கிறது. வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை ஊர் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. அடுத்த புயலுக்கு உதவக்கூடியது அதுதான் என்பதால் இம்மனுவை அளிக்கிறோம்.

விடிந்தபோது ரோடு எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியாத அளவுக்கு மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கோயில் திடலில் கூடி, வீட்டுக்கு ஓர் ஆள் என்று பேசி முடித்தோம். குளம் வெட்டவும் வாய்க்கால் தூர் வாரவும் எங்கள் முன்னோர் வைத்திருந்த அதே ஏற்பாடுதான். அரிவாளும் கோடரியும் எல்லா வீட்டிலும் இருந்தன. மரம் அறுக்கும் இயந்திரம் ஊருக்கே ஒன்றுதான், அதற்கும் பெட்ரோல் தட்டுப்பாடு. கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருந்த தெருக்களை முதலில் திறந்தோம். மின்கம்பங்கள் ஒடிந்து கிடந்ததால் மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினார்கள் இளைஞர்கள். டீசல் செலவு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கப்பட்டது, இல்லாதவர்களிடம் கேட்கவில்லை. ஓடு பறந்த வீடுகளில் இருந்த அரிசியும் பருப்பும் நனைவதற்கு முன் ஒரே அடுப்புக்கு வந்தன. பெண்கள் விழுந்த மரங்களின் மட்டைகளைக் கிழித்து ஊறவைத்து, கீற்று முடைந்து, கூரை போன வீடுகளுக்கு வரிசைப்படி கொடுத்தார்கள்.

பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தை வெளியூர்க்காரர்கள் ஆட்டுக்கறி ஆடம்பரம் என்று கேலி செய்வதுண்டு. வட்டியில்லாமல் ஊரே ஒருவருக்குக் கை கொடுத்து, அவர் பிறகு அவரவர் விருந்தில் திருப்பிச் செய்யும் ஏற்பாடு அது. நோட்டில் எழுதியதற்கு வேறு பத்திரம் கிடையாது. புயலுக்குப் பின் மோட்டார் மாற்றவும் கன்று வாங்கவும் வங்கிக்குப் போக வழியில்லாத பலரை அந்த நோட்டுதான் தாங்கியது. வாங்கிய மொய்யை உடனே திருப்ப முடியாதவர்களை அந்த ஆண்டு யாரும் நெருக்கவுமில்லை.

இதில் ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. மொய் என்பது திருப்பிச் செய்ய முடிந்தவர்களுக்குள் சுற்றும் பணம். தோப்பில்லாதவர், மரம் ஏறுபவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள் பெரும்பாலும் அந்த நோட்டில் இல்லை. அவர்களில் பலர் காலனித் தெருக்களில் இருப்பவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு வழங்கியது. அது மரத்துக்கு உரியவருக்குப் போனது. நட்ட கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஏறுவதற்கு மரமில்லாமல் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலை தேடிப் போனவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஊரின் உதவி எட்டாத அந்த இடத்தில்தான் அரசின் கை முதலில் நீள வேண்டும்.

ஆகவே பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைமை வகிக்கும் தாங்கள், வரும் பருவமழைக்கு முன் கீழ்க்கண்டவற்றைச் செய்துதருமாறு வேண்டுகிறோம்.

ஒவ்வொரு கடலோர, கடைமடை ஊராட்சியிலும் மரம் அறுக்கும் இயந்திரங்கள், ஜெனரேட்டர், தார்ப்பாய், கயிறு ஆகியவற்றை இருப்பு வைத்து, அவற்றை இயக்க அந்தந்த ஊர் இளைஞர்களுக்கே பயிற்சி அளிக்க வேண்டும். பேரிடரில் முதலில் இறங்கி உதவும் ஊர்க்காரர்களை எழுதிவைக்கும் முதல்நிலை மீட்பாளர் பட்டியலில் பெயர் இருப்பது நல்லதுதான்; கையில் கருவி இல்லாவிட்டால் பட்டியலை வைத்து மரம் அறுக்க முடியாது. அவசர காலத்தில் ரேஷன் கடை அரிசியை முகாம்களுக்கு மட்டுமின்றி, ஊரார் நடத்தும் பொதுச் சமையலுக்கும் கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பத்தில் வழங்க முன்கூட்டியே உத்தரவு இருக்க வேண்டும். சேதக் கணக்கெடுப்புப் படிவத்தில் தோப்பை நம்பிக் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்குத் தனிப் பத்தி சேர்க்கவும், அவர்களுக்கான வாழ்வாதார உதவி குறித்து அரசுக்குப் பரிந்துரைக்கவும் கோருகிறோம்.

கருவிகளைப் பாதுகாத்துப் பராமரிக்கும் பொறுப்பை ஊர்க்கூட்டம் எழுத்துமூலம் ஏற்கத் தயாராக இருக்கிறது. பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டத்துக்கு எங்கள் பிரதிநிதிகளையும், அவர்களில் ஒருவராகக் கீற்று முடையும் தொழிலாளி ஒருவரையும் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இடம்: பேராவூரணி
நாள்: 02.09.2024